தொலைந்த பூஜ்யங்கள்: சிஎஸ்வி கோப்பு வெளியிடுவோருக்கு ஒரு திறந்த மடல்

தரவுகளைப் பொதுவில் வைக்கும் துறைகளுக்கும் நிறுவனங்களுக்கும்,

வணக்கம். நீங்கள் ஏற்றும் சிஎஸ்வி கோப்புகளை அன்றாடம் இறக்கிப் பயன்படுத்துகிறவர்கள் எழுதுகிறோம். கேட்பது ஒன்றுதான்: வெளியிடும் முன் "ஒருமுறை சரிபார்த்துவிடலாம்" என்று கோப்பை எக்செல்லில் திறந்து, சேமித்து, அதை ஏற்றாதீர்கள்.

சிஎஸ்வி என்பது புலங்களை, அதாவது ஒவ்வொரு மதிப்பையும், காற்புள்ளியால் பிரித்து எழுதும் வெறும் எழுத்துக் கோப்பு. எந்த நெடுவரிசை எண், எது தேதி, எது குறியீடு என்ற தகவல் அதற்குள் கிடையாது. இருமுறை சொடுக்கித் திறந்தால் எக்செல் அதைத் தானாக ஊகித்துக்கொள்கிறது. 00457 என்ற பொருள் குறியீடு 457 ஆகிறது. 3-4 என்ற அளவு ஒரு தேதியாகிறது. 123456789012 என்ற 12 இலக்கப் பதிவெண் திரையில் 1.23457E+11 என்று சுருங்குகிறது. பார்த்துவிட்டு மூடினால் ஒன்றும் கெடவில்லை. சேமித்தால், திரையில் தெரிந்ததுதான் கோப்பில் எழுதப்படும். பன்னிரண்டு இலக்கத்தில் ஆறு போய்விட்டது. எந்த நிரலாலும் அதை மீட்க முடியாது.

மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் குழு, செப்ட்1 என்ற பெயர் எக்செல்லில் செப்டம்பர் 1 ஆக மாறுவதைச் சமாளிக்க முடியாமல் அதைச் செப்டின்1 என்றே மாற்றிவிட்டது. அதற்கான வழிகாட்டுதல் 2020இல் வந்தது. தானியங்கி மாற்றத்தை அணைக்கும் வசதி எக்செல்லுக்கு வந்தது அதற்குப் பிறகுதான்.

சரிபார்க்க வேண்டுமா? நோட்பேட் போன்ற எழுத்துத் திருத்தியில் முதல் இருபது வரிகளைப் பாருங்கள். எக்செல்தான் வேண்டுமென்றால், தரவுப் பகுதியில் உள்ள "உரை அல்லது சிஎஸ்வி கோப்பிலிருந்து" என்ற வழியில் உள்ளே கொண்டுவந்து, தரவு வகையைக் கண்டறிய வேண்டாம் என்று தேர்ந்தெடுங்கள். ஒரு தாளில் 10,48,576 வரிகளுக்கு மேல் நிற்காது என்பதும் நினைவிருக்கட்டும். பெரிய கோப்பை நேரடியாகத் திறந்தால் எச்சரிக்கை வரும்; அதைத் தள்ளிவிட்டுச் சேமித்தால் மிச்ச வரிகள் போயே போய்விடும்.

தமிழ் உள்ள கோப்புகளுக்கு இன்னொரு ஆபத்து. யூடிஎஃப்-8 என்பது தமிழ் உட்பட எல்லா மொழி எழுத்துகளையும் பைட்டுகளாக எழுதும் குறியாக்க முறை. கோப்பின் தொடக்கத்தில் "இது யூடிஎஃப்-8" என்று காட்டும் 3 அடையாள பைட்டுகள் இல்லையென்றால் எக்செல் அதை வேறு குறியாக்கமாகப் படித்துக் கன்னாபின்னா எழுத்துகளைக் காட்டலாம். அதுவரை மோசமில்லை, கோப்பு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தமிழ் சரியாகத் தெரியும் தாளைச் சேமிக்கும்போது "சிஎஸ்வி யூடிஎஃப்-8" என்பதற்குப் பதில் வெறும் "சிஎஸ்வி" என்பதைத் தேர்ந்தெடுத்தால், தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாகிவிடும். பெயர் இருந்த இடத்தில் ?????. இப்படி வந்த கோப்பை வைத்துக்கொண்டு நாங்கள் செய்யக்கூடியது எதுவுமில்லை.

தொடக்கத்தில் அந்த 3 அடையாள பைட்டுகளைச் சேர்த்தே வெளியிடுங்கள். சில நிரல்களில் அவை முதல் நெடுவரிசையின் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். பைத்தான் நிரல்மொழியில் குறியாக்கத்தை utf-8-sig என்று கொடுத்துவிட்டால் அந்தத் தொல்லை தீர்ந்தது. அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

காற்புள்ளிச் சிக்கல் இவற்றோடு ஒப்பிட்டால் சிறியது. புலத்துக்குள் காற்புள்ளியோ வரி முறிவோ வந்தால் அந்தப் புலத்தை இரட்டை மேற்கோளுக்குள் வைக்க வேண்டும். உள்ளேயே மேற்கோள் வந்தால் அதை இரட்டிக்க வேண்டும். சிஎஸ்வி வடிவத்தை விவரித்து 2005இல் வந்த ஆர்எஃப்சி 4180 என்ற ஆவணம் சொல்வது இதைத்தான்:

00457,"நாற்காலி, மடக்கும் வகை","அகலம் 18"" மட்டும்",12

இதில் நான்கு புலங்கள்தான். காற்புள்ளிக்குப் பின் அழகுக்காக இடைவெளி விடாதீர்கள், அதுவும் தரவாகக் கணக்காகும். எண்களை 1,25,000 என்றில்லாமல் 125000 என்றும், தேதியை 2024-04-03 என்றும் எழுதுங்கள். 03/04/2024 என்றால் மார்ச்சா ஏப்ரலா என்று கோப்பு சொல்லாது. தகவல் கிடைக்காத இடத்தை வெறுமையாக விடுங்கள். அங்கே 0 போட்டால், உண்மையான பூஜ்யத்தையும் இல்லாத தகவலையும் பிரிக்க வழியே இருக்காது.

கூடவே அரைப் பக்கக் குறிப்பு ஒன்று வையுங்கள்: நெடுவரிசைகளின் பெயர், வகை, அலகு, பதிவுகளின் எண்ணிக்கை. எண்ணிக்கையைக் கோப்பின் வரிகளை எண்ணிப் போடாதீர்கள். மேற்கோளுக்குள் வரி முறிவு இருந்தால் ஒரே பதிவு இரண்டு மூன்று வரிகளில் நீளும். தரவுத்தளம் சொல்லும் எண்ணையே எழுதுங்கள்.

ஏற்கெனவே கேள்விக்குறிகளோடும் சுருங்கிய பதிவெண்களோடும் வெளியில் இருக்கும் கோப்புகளைத் தரவுத்தளத்திலிருந்து மறுபடி நேரடியாக ஏற்றுமதி செய்து தாருங்கள். பழையதைச் சத்தமில்லாமல் மாற்றாமல், கோப்பின் பெயரில் புதிய தேதியைச் சேர்த்து, என்ன மாறியது என்று ஒரு வரி எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கோப்புகளைப் பயன்படுத்துவோர்