லா ஹே சாந்த் பண்ணையும் நானூறு வீரர்களும்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்து, பழையபடி செய்தித்தாள் படிக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்பதை அறிந்து நிம்மதி அடைந்தேன். நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ போரைச் சிறுவடிவில் காட்டும் என் டயோரமா எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். அது சுருங்கிவிட்டது, ஆனால் முன்பைவிட எனக்கு மிகவும் நெருக்கமாகிவிட்டது.

1815 ஜூன் 18-ஆம் தேதியின் போர்க்களம் முழுவதையும் அமைக்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது தங்களுக்கு நினைவிருக்கும். களத்தின் அகலம் ஏறத்தாழ 5 கிலோமீட்டர். என்னிடமுள்ள பொம்மை வீரர்கள் 1/72 அளவினர், அதாவது உண்மை உருவத்தில் 72-இல் ஒரு பங்கு என்பதால் அதற்கு 70 மீட்டர் நீள மேசை வேண்டும். அதைத் தவிர்க்க, முப்பது பேருக்கு ஒரு பொம்மை என்று கணக்கு வைத்துத்தான் முதலில் தொடங்கினேன். ஆனால் ஒவ்வொரு முகத்துக்கும் வண்ணம் தீட்டும்போது, இவன் அந்த முப்பது பேரில் யார் என்ற கேள்வி என்னை விடவே இல்லை.

இந்தச் சமயத்தில்தான் வில்லியம் சைபோர்ன் செய்த மாதிரியைப் பற்றி விரிவாகப் படித்தேன். பிரிட்டிஷ் ராணுவ அதிகாரியான அவர், 1830-இல் இப்பணியை ஏற்று, போர்க்களத்தின் நடுவிலிருந்த லா ஹே சாந்த் பண்ணை வீட்டிலேயே எட்டு மாதங்கள் தங்கி நிலத்தை அளந்தார். போரில் பங்கேற்று உயிரோடிருந்த அதிகாரிகளுக்கெல்லாம் கடிதம் எழுதி, மாலை ஏழு மணியளவில் அவரவர் படை எங்கே நின்றது, அங்கே என்ன பயிர் விளைந்திருந்தது என்றுகூடக் கேட்டார். ஏறத்தாழ 18 அடிக்கு 20 அடி பரப்பில், 70,000-க்கும் மேற்பட்ட சிறு உலோக வீரர்களோடு 1838-இல் லண்டனில் அது காட்சிக்கு வந்தது. இன்றும் அந்நகரின் தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிரிட்டிஷ் தரப்புக்குத் துணையாக வந்த பிரஷ்யப் படையை எங்கே, எவ்வளவு காட்டுவது என்பதில், பிரிட்டிஷ் தளபதி வெலிங்டன் தரப்போடு அவருக்கு மூண்ட பிணக்கு தனிக்கதை. என்னைத் தொட்டது, பயிரைப் பற்றிக்கூடக் கேட்ட அந்த மனம்தான்.

ஆகவே, அவர் தங்கியிருந்த அந்தப் பண்ணையை மட்டும், ஒரு வீரனுக்கு ஒரு பொம்மை என்ற கணக்கில் அமைக்க முடிவு செய்தேன். பிரிட்டிஷ் அரசருக்காகப் போரிட்ட ஜெர்மன் படையின் ஒரு பிரிவு, மேஜர் பாரிங் தலைமையில், சுமார் 400 பேராக அங்கே காவல் நின்றது. முந்தைய இரவு கொட்டிய மழையில் குளிர் காய்வதற்காகக் களஞ்சியத்தின் பெரிய கதவைப் பெயர்த்து எரித்துவிட்டார்கள். மறுநாள் பிரெஞ்சுப் படை அந்தத் திறந்த வாயிலைத்தான் திரும்பத் திரும்பத் தாக்கியது. துணைக்கு ஆட்கள் வந்தார்களே தவிர, எத்தனை முறை கேட்டும் அவர்களுடைய ரைஃபிள்களுக்கு உரிய தோட்டாக்கள் வரவில்லை. மாலையில் பண்ணை கைவிட்டுப் போனபோது பாரிங்கின் பிரிவில் அவருடன் எஞ்சியவர்கள் 42 பேர். அதனால் என் களஞ்சியத்துக்குக் கதவு இல்லை. அந்த வாயிலில் விழுந்து கிடப்பவர்களை ஒவ்வொருவராகச் செய்துகொண்டிருக்கிறேன்.

நான் தேர்ந்த கணம், களஞ்சியம் தீப்பற்றிய நேரம். முற்றத்தில் குளம் இருந்தது. தண்ணீர் மொள்ளத்தான் பாத்திரம் இல்லை. துணைக்கு வந்த, நசாவ் என்ற ஜெர்மன் சிற்றரசின் வீரர்கள் முதுகில் பெரிய சமையல் பாத்திரங்களைச் சுமந்திருப்பதைக் கண்ட பாரிங், ஒருவரிடமிருந்து அதைத் தாமே பறித்தெடுத்து நீர் நிரப்பித் தீயை நோக்கிச் சென்றார், மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். தீ அணைந்தது, பல உயிர்களும் போயின. அந்தப் பாத்திரங்களை, மிகச் சிறிய மாத்திரைகளின் அட்டையிலுள்ள குழிகளை வெட்டியெடுத்துச் செய்கிறேன். விளிம்பில் மெல்லிய செம்புக் கம்பியை வளைத்து ஒட்டிக் கரியநிறம் பூசினால், நான்கு மில்லிமீட்டரில் ஒரு பாத்திரம் அமைந்துவிடுகிறது.

முதலில் செய்த அறுபது வீரர்கள் வீணானார்கள். அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பசையைச் சோப்பு நீரில் கழுவாமல் வண்ணம் பூசியதால், துப்பாக்கி முனைகளில் வண்ணம் செதில் செதிலாக உரிந்துவிட்டது. இப்போது கழுவி, உலர்த்தி, பிரைமர் என்ற அடிப்பூச்சு அடித்த பிறகே தூரிகையைத் தொடுகிறேன். வளைந்த துப்பாக்கிகளை வெந்நீரில் முக்கி நிமிர்த்தி, உடனே குளிர்நீரில் வைத்தால் நேராகவே நிற்கின்றன. பாரிங்கின் வீரர்களுடைய கரும்பச்சைச் சீருடையை உள்ளபடியே தீட்டினால் இந்தச் சிறிய அளவில் கறுப்பாகத் தெரிகிறது. ஆகவே சற்று வெளிறிய பச்சையைக் கலக்கிறேன்.

பண்ணையைச் சுற்றிலும் இருந்த ரை என்ற தானியப் பயிருக்குச் சணல் நாரை நறுக்கி நட்டிருந்தேன். பார்ப்பதற்கு அழகாக இருந்தது. ஆனால் ஆயிரக்கணக்கான கால்கள் மிதித்த வயலில் அந்த நேரத்துக்குப் பயிர் நின்றிருக்க முடியாது என்று தோன்றியதும், இரண்டு வார உழைப்பைப் பிடுங்கியெறிந்து, நாரைச் சேற்றுநிறப் பசையில் படுக்கவைத்து ஒட்டினேன்.

இனி தங்களிடம் ஓர் உதவி. பண்ணை ஒரு சரிவில் இருக்கிறது. வடக்கே முகடு உயர்கிறது. அந்த முகட்டின் மண்ணைத்தான் பின்னர் வெட்டியெடுத்து, போரின் நினைவுச் சின்னமான சிங்கக் குன்றை எழுப்பினார்கள் என்பதால், இன்றைய படங்களைப் பார்த்து உயரத்தைக் கணிக்க இயலவில்லை. ஒன்பதடி மேசையில் உள்ளபடியே காட்டினால் சரிவு கண்ணில் அவ்வளவாகப் படாது. கூட்டிக் காட்டினால் நிலம் பொய்யாகிவிடுமோ என்று அஞ்சுகிறேன். நில அளவைத் துறையில் முப்பது ஆண்டுகள் கழித்த தங்களுடைய கண்ணால் பார்த்துச் சொல்லுங்கள். நில வரைபடத்தின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். மருத்துவர் அனுமதித்த பிறகு மட்டும் பாருங்கள். நான் அதுவரை சரிவில் கைவைக்காமல் காத்திருப்பேன்.

வீட்டில் அனைவருக்கும் என் அன்பு.

தங்கள்
பழைய நண்பன்