லுங்கி ஒன்று போதும், இடம்தான் இல்லை

ஆசிரியருக்கு வணக்கம். போன ஞாயிறு எங்கள் தெரு மொட்டைமாடியில் ஒரு தனிநபர் நாடகம் பார்த்தேன். நடித்தவர் காசிமேட்டுப் பையன். சினிமா வாய்ப்பு தேடிப் போனவர், நவீன நாடகக் குழு ஒன்றில் சேர்ந்து ஆறு வருடம் உடம்பையும் குரலையும் பழக்கியிருக்கிறார். அப்புறம் தானே எழுதித் தானே நடிக்க ஆரம்பித்துவிட்டார். கையில் ஒரு லுங்கி மட்டும். அதுவே வலை, அதுவே தொட்டில், கடைசியில் கரை ஒதுங்கிய உடல். அந்த இடத்தில் மீன் விற்கும் அம்மாக்கள்கூட மூச்சுக் காட்டவில்லை.

ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறை நாடகக் குழுவிலிருந்து பசுபதி, குரு சோமசுந்தரம் எல்லாம் சினிமாவுக்கு வந்ததைப் பெருமையாகப் பேசுகிறோம். சரி, நாடகத்திலேயே நிற்பவர் எங்கே நடிப்பது? எங்கள் வடசென்னை, ஒரு காலத்தில் வால்டாக்ஸ் சாலையில் ஒற்றைவாடை நாடகக் கொட்டகை இருந்த பக்கம். இன்று சபா என்றால் பெரும்பாலும் மயிலாப்பூர், தி.நகர்தான். இங்கே கல்யாண மண்டபத்தில் முகூர்த்தம் இல்லாத நாளிலும் முழு வாடகை கேட்கிறார்கள். மாநகராட்சி சமூக நலக்கூடம் ஒன்றை மாதம் ஒரு மாலை நாடகத்துக்கு ஒதுக்கலாமே. லைட் செட் எல்லாம் வேண்டாம், மின்விசிறி கடகடக்காமல் இருந்தால் போதும்.

– வாசகர், தண்டையார்பேட்டை