பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

2025 தீபாவளிக்குச் சரியாக ஆறு நாள் முன்னால், அக்டோபர் 14 அன்று, விண்டோஸ் 10-க்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த அப்டேட் நின்றது. அன்றிலிருந்து கடைக்கு வருகிறவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "இதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கணுமா?" விண்டோஸ் 11 போடலாம் என்றால் அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி பெட்டியில் வேண்டும். இன்டெல் பிராசசர் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். அது சந்தைக்கு வந்ததே 2017-இல்தான். எங்கள் மேசைக்கு வருபவையோ இரண்டாம், மூன்றாம் தலைமுறை ஐ3-கள், நடுநடுவே அதற்கும் பழைய ஒரு கோர் 2 டுவோ. இவற்றில் லினக்ஸ் போட்டுக் கொடுக்கிறோம்; விண்டோஸ் மாதிரியே கம்ப்யூட்டரை இயக்கும் இலவச மென்பொருள் (ஓஎஸ்) அது. எடுத்துப்போனவர்களில் சிலர் ஒரே வாரத்தில் திரும்பி வந்து, "லினக்ஸ் சரிப்பட்டு வரல, எடுத்துடுங்க" என்கிறார்கள். இந்த மடல் அவர்களுக்காக.

லினக்ஸ் உங்களுக்குப் புதிதும் இல்லை. 2011-இலிருந்து அரசு பிள்ளைகளுக்குக் கொடுத்த இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கியது. இடத்தை அடைக்கிறது, அதை அழித்துவிடுங்கள் என்று சொன்னவர்களும் நீங்கள்தான், அழித்துக் கொடுத்தவர்களும் நாங்கள்தான். சரி, அது போகட்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சிபியூவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். லினக்ஸ் போட்ட நாளிலிருந்து காலையில் சுவிட்சைப் போட்டால் கறுப்புத் திரையில் ஏதோ எழுத்து வந்து நிற்கிறதாம். போட்டுப் பார்த்தோம். 'எஃப்1 அழுத்தவும்' என்று நின்றது. அது லினக்ஸ் சொல்வதே இல்லை. லினக்ஸ் எழுவதற்கு முன்பே மதர்போர்டு சொல்வது. மதர்போர்டில் ஐந்து ரூபாய் நாணயம் மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், பெயர் சிஆர்2032. அதுதான் பயாஸின், அதாவது கம்ப்யூட்டரைத் தொடங்கிவைக்கும் மதர்போர்டு மென்பொருளின், ஞாபகசக்தி. அது தீர்ந்துபோனால் தேதி பழைய வருடத்துக்குப் போய்விடும். எந்த டிஸ்கிலிருந்து கிளம்ப வேண்டும் என்று நாம் சொல்லி வைத்ததும் மறந்துபோகும். இரவு மெயின் சுவிட்சை அணைக்கிற பழக்கமுள்ள வீட்டில் இது தினமும் நடக்கும். பேட்டரியை மாற்றினோம், இரண்டு நிமிட வேலை. "அப்ப லினக்ஸ் மேல தப்பில்லையா?" என்று கேட்டுவிட்டு, அவரே சிரித்துக்கொண்டார்.

கடைக்கு வரும் 'லினக்ஸ் கோளாறு' பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு வயதான பெட்டி. நோய் அதற்கு முன்பே இருந்தது. ஆன் செய்ததும் பீப் பீப் என்று கத்தினால் ராம் எனும் நினைவகப் பட்டையைக் கழற்றி, அதன் தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்துத் துடைத்துத் திரும்ப மாட்டினாலே பல நேரம் சரியாகிவிடும். இருபது நிமிடம் ஓடி அணைந்தால் ஃபேனில் தூசி, அல்லது பிராசசர் மேல் தடவிய பேஸ்ட் காய்ந்திருக்கும். இன்ஸ்டால் பாதியில் நின்றால் ஹார்ட் டிஸ்க்கைத்தான் நாங்கள் முதலில் சந்தேகப்படுவோம். நாங்கள் போடும் லினக்ஸ் வகையான மின்டில் 'டிஸ்க்ஸ்' என்று ஒரு செயலி இருக்கிறது. டிஸ்க்கில் எத்தனை பேட் செக்டர் (கெட்டுப்போன இடம்) என்று அதிலேயே பார்த்துவிடலாம். அந்த எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் கல்யாணப் படங்களை உடனே வேறு இடத்துக்கு மாற்றுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம்.

நாங்கள் வழக்கமாகப் போடுவது லினக்ஸ் மின்ட் 22, அதில் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு. 2029 வரை அப்டேட் உண்டு. 64-பிட் பெட்டியில் மட்டுமே ஏறும். கோர் 2 டுவோ தாங்கும், பழைய பென்டியம் 4 பெரும்பாலும் தாங்காது. 2 ஜிபி ராம் இருந்தால் ஓடும் என்றுதான் மின்ட்காரர்களே சொல்கிறார்கள். ஓடத்தான் செய்யும். ஆனால் நீங்கள் பிரவுசரைத் திறந்து யூடியூபில் ஒன்று, ஜிமெயிலில் ஒன்று, பேப்பர் ஒன்று என்று டேப் டேப்பாகத் திறப்பீர்கள். அந்தத் தீனி எந்த ஓஎஸ்ஸிலும் அதே தீனிதான். 4 ஜிபி இல்லாமல் போட வேண்டாம் என்பது எங்கள் கருத்து. அது ஏற்கெனவே இருந்தால், மிச்சக் காசை ராமில் போடாமல், பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக மாட்டும் வேகமான எஸ்எஸ்டியில் போடுங்கள். வேகத்தை நீங்கள் உணர்வது அங்கேதான்.

விண்டோஸையும் வைத்துக்கொண்டு பக்கத்தில் லினக்ஸ் கேட்பவர்களுக்கு இரண்டு விஷயம். லினக்ஸில் வேலை பார்த்துவிட்டு விண்டோஸுக்குப் போனால் காலை பத்து மணிக்குக் கடிகாரம் நாலரை என்று காட்டலாம். மதர்போர்டு கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதி வைக்கிறது. விண்டோஸ் அதையே நம் ஊர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. அந்த ஐந்தரை மணி நேரம்தான் இடிக்கிறது. ஒரே வரிக் கட்டளையில் சரியாகும், நாங்களே போட்டு அனுப்புகிறோம். அடுத்தது, 'டி டிரைவைத் திறக்க முடியுது, எதையும் சேமிக்க முடியல' என்ற புகார். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருந்தால், ஷட் டவுன் கொடுத்தாலும் அது முழுதாகத் தூங்காது, அரைக்கண் திறந்தே கிடக்கும். அந்த நிலையில் டிரைவில் கைவைத்தால் கோப்பு கெடும் என்று லினக்ஸ் படிக்க மட்டும் விடுகிறது. அந்த வசதியை விண்டோஸில் அணைத்துவிட்டால் போதும்.

லினக்ஸை வீட்டிலேயே பென் டிரைவிலிருந்து ஓட்டி முயன்று பார்க்கிறவர்கள் தாராளமாகச் செய்யுங்கள். இன்ஸ்டால் பட்டனை அழுத்தாதவரை டிஸ்க்கில் இருப்பதற்கு ஒன்றும் ஆகாது. பழைய கிராஃபிக்ஸ் கார்டு இருந்து திரை இருட்டாகவே நின்றால், பென் டிரைவிலிருந்து கிளம்பும்போது முதலில் வரும் மெனுவில் இருக்கும் கம்பாட்டிபிலிட்டி மோடைத் தேர்ந்தெடுங்கள். சில பழைய லேப்டாப்பில் வைஃபையே கண்ணில் படாது. பயப்பட வேண்டாம்; போனைச் சார்ஜர் ஒயரால் இணைத்து யூஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்தால் நெட் வந்துவிடும். அப்புறம் மின்டில் டிரைவர் மேனேஜரைத் திறந்தால், அந்த வைஃபை சிப்பை இயக்கும் டிரைவர் மென்பொருள் இருந்தால் அதுவே காட்டும்.

எல்லோருக்கும் லினக்ஸ் போட்டுத் தள்ளுவது எங்கள் எண்ணம் இல்லை. டாலியில் கணக்கு எழுதுகிறவர்கள், டெண்டருக்கு டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் செருகுகிறவர்கள், கோரல் டிராவில் பிளெக்ஸ் அடிக்கிறவர்கள் விண்டோஸிலேயே இருங்கள். பிரிண்டர் வைத்திருப்பவர்கள் மாடல் எண்ணை எழுதிக்கொண்டு வாருங்கள். சின்ன லேசர் பிரிண்டர்களில் சில எங்களை நாள் முழுக்க உட்கார வைத்துவிட்டுக் கடைசிவரை அச்சடிக்காமலே போயிருக்கின்றன. தமிழ் தட்டச்சு பற்றிக் கவலை வேண்டாம். தமிழ்99 விசைப்பலகை, ஆங்கில ஒலிப்படி அடிப்பது, இரண்டும் போட்டுத் தருகிறோம். பாமினியில் அடித்து வைத்த பழைய கடிதங்கள் இருந்தால் அந்த எழுத்துரு கோப்பையும் சேர்த்துக் கொடுங்கள், நிறுவிவிட்டால் படிக்கலாம்.

கொண்டுவரும்போது டெஸ்க்டாப் என்றால் சிபியூ மட்டும் போதும், மானிட்டர் வேண்டாம். லேப்டாப் என்றால் சார்ஜரை மறக்காதீர்கள். முக்கியமான கோப்பு எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மேலே ஒட்டிவிடுங்கள். 'நியூ ஃபோல்டர் 7' எது என்று கேட்டு உங்களுக்குப் போன் அடித்தே எங்கள் பாதி நாள் போகிறது.

இப்படிக்கு,
உங்கள் கம்ப்யூட்டர் கடையிலிருந்து