விடைத்தாளின் மூலையில் இருந்த அந்தக் கட்டம்

தாராவி, மும்பை

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். போன வாரக் கூட்டத்தில் மார்க்கைவிட, விடைத்தாளின் மேல் மூலையில் நாங்கள் போட்டிருந்த ஒரு சின்னக் கட்டத்தைப் பற்றித்தான் அதிகம் பேசினோம். தனக்கு எத்தனை மார்க் வரும் என்று பிள்ளையே எழுத வேண்டிய கட்டம் அது. "மார்க் போடறது உங்க வேலை, அதை ஏன் பிள்ளைகிட்ட கேக்கறீங்க?" என்றார் ஓர் அப்பா. நியாயமான கேள்விதான். அன்று தண்ணீர் வரும் நேரம், எல்லோரும் அவசரமாகக் கிளம்பிவிட்டீர்கள். அதனால் இந்தக் கடிதம்.

தனக்கு எது தெரியும், எது தெரியாது என்பதைத் தானே கண்டுகொள்வது தனித் திறமை. ஜான் ஃப்ளேவல் என்ற அமெரிக்க உளவியலாளர் 1979இல் எழுதிய கட்டுரையில் ஒரு சோதனையைச் சொல்கிறார். பிள்ளைகளிடம் சில பொருள்களைக் கொடுத்து, எல்லாம் மனதில் பதிந்துவிட்டது என்று உறுதியாகத் தோன்றும்வரை பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். வளர்ந்த பிள்ளைகள் 'ஆச்சு' என்றபோது பெரும்பாலும் ஆகியிருந்தது. சின்னவர்களும் 'ஆச்சு' என்றார்கள், ஆனால் கேட்டால் சொல்ல முடியவில்லை. வயது ஏறினால் இது தானாக வந்துவிடும் என்று நானும் இருந்துவிட்டேன். கட்டம் போட்ட பிறகுதான் வேறொன்று தெரிந்தது.

ஏழாம் வகுப்பில் ஒரு பெண் 20க்கு 17 வாங்கினாள். கட்டத்தில் 8 என்று எழுதியிருந்தாள். கூப்பிட்டுக் கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டே, "நல்லா எழுதினேன்னு தெரியும் டீச்சர். ஆனா 17னு போட்டா திமிருன்னு நினைப்பீங்க" என்றாள். அதே வகுப்பில் 6 வாங்கிய பையன் 20 என்று எழுதியிருந்தான். "அப்பா கேட்டா எப்பவும் ஃபுல் மார்க் வரும்னுதான் சொல்வேன்." இரண்டு பேருக்கும் தங்கள் நிலைமை தெரிந்தே இருந்தது. நான் கேட்டது பாடத்தைப் பற்றி. ஒருத்தி அதை அடக்கத்தைப் பற்றிய கேள்வியாக எடுத்துக்கொண்டாள், இன்னொருவனுக்கு அப்பாவின் முகம் ஞாபகம் வந்தது. பெரியவர்கள் கேட்டால் எதைச் சொல்வது மரியாதை என்பதை நம் பிள்ளைகள் வாய்ப்பாட்டுக்கு முன்பே படித்துவிடுகிறார்கள். வகுப்பில் "புரிஞ்சுதா?" என்றால் கோரஸாக "புரிஞ்சுது டீச்சர்" வருவதும் அதனால்தான். அந்தக் கோரஸை நம்பி எத்தனையோ வருஷம் பாடத்தை முடித்தவள் நான். இப்படியே சொல்லிப் பழகிய பிள்ளைக்கு, தனியாக உட்கார்ந்து படிக்கும்போது 'நிஜமாகவே புரிந்ததா?' என்று தன்னைக் கேட்டுக்கொள்ளத் தோன்றாமல் போய்விடுமோ என்பதுதான் என் கவலை.

சரி, பேசவைத்துவிடலாம் என்று, கணக்குப் போடும்போதே யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லச் சொன்னோம். ஒரு பயிற்சியில் கேட்டுவந்த முறை. சில பிள்ளைகள் ஒழுங்காகப் போட்டுக்கொண்டிருந்த கணக்கையும் கோட்டைவிட்டார்கள். ஹீஜங் கிம் என்பவர் 2002இல் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் தொடுகிறது. அமெரிக்காவில் படிக்கும் கிழக்காசிய வம்சாவளி மாணவர்கள், யோசனையைப் பேசிக்கொண்டே புதிர் போட்டபோது சறுக்கினார்கள். வெள்ளை அமெரிக்க மாணவர்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. தாராவிப் பிள்ளைகளுக்கு இது அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வாய் திறக்காமல் யோசிக்கிற பிள்ளைக்கு 'வகுப்பில் கலந்துகொள்வதில்லை' என்று ரிப்போர்ட்டில் எழுதுவதை விட்டுவிட்டேன்.

அதற்காக, கைகட்டிக் கேட்பதுதான் நம்ம பண்பாடு என்று யாராவது சொன்னால் அதையும் ஒப்புக்கொள்ள மாட்டேன். 13ஆம் நூற்றாண்டு நன்னூலில் பவணந்தி முனிவர், கேள்வி கேட்பதை மாணவனின் கடமைகளில் ஒன்றாகவே வைத்திருக்கிறார். ஆசிரியர் சொல்வதை எவ்வளவு நன்றாக வாங்கிக்கொண்டாலும் கால் பங்குதான் தேறுமாம். கூடப் படிப்பவர்களோடு பழகுவதில் இன்னொரு கால். மீதி அரைப் பங்கு, பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வருகிறது. சொல்லப் போனால்தானே எங்கே ஓட்டை என்று தெரியும்!

அன்று எல்லோரும் போனபின் ஓர் அம்மா நின்றார். இட்லி அவித்து விற்பவர். "எனக்கும் படிப்பு வரல, அவளுக்கும் கணக்கு வராது. நான் என்னத்தக் கேக்கறது டீச்சர்?" மாவு பதமாகப் புளித்துவிட்டதா என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். வாசனை, மேலே வரும் குமிழி, மழைக்காலத்துக்கு ஒரு கணக்கு, ஜனவரிக்கு ஒரு கணக்கு, சந்தேகம் வந்தால் ஒரே ஒரு தட்டு மட்டும் வைத்துப் பார்ப்பது என்று விடாமல் பேசினார். இட்லி கல்லாகிப்போன நாளிலும் 'எனக்கு இட்லி வராது' என்று அவர் சொன்னதில்லை. உளுந்தா, அரைத்ததா, புளித்ததா என்றுதான் பார்ப்பார். 'கணக்கு வராது' என்கிறபோது அப்படித் தேடவே இடமில்லாமல் போகிறது. அவர் மகளுக்கு வகுத்தல் நன்றாகவே வருகிறது. 612ஐ 6ஆல் வகுக்கச் சொன்னால் 12 என்கிறாள். நடுவில் பூஜ்யம் போட வேண்டிய அந்த ஓர் இடம்தான் தடுக்கிறது.

அடுத்த யூனிட் டெஸ்டில் மொத்த மார்க்கைக் கேட்கப் போவதில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் 'தெரியும்', 'சந்தேகம்', 'தெரியாது' என்று இருக்கும், ஒன்றில் டிக் போட்டால் போதும். இதற்கு மார்க் கூடாது, குறையாது. 'தெரியாது' என்று டிக் போட்டதற்காகத் தயவுசெய்து வீட்டில் திட்டாதீர்கள். அப்புறம் எல்லாவற்றுக்கும் 'தெரியும்' என்றே வரும்.

ராத்திரி ஒரு பத்து நிமிஷம், அன்றைய பாடத்தில் ஏதாவது ஒன்றை உங்களுக்குச் சொல்லித்தரச் சொல்லுங்கள். தமிழில் ஆரம்பித்து இந்தியில் முடித்தாலும் பரவாயில்லை. திக்குகிற இடத்தில் நோட்டில் பென்சிலால் ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள். மறுநாள் நாங்கள் அங்கிருந்து தொடங்கிக்கொள்கிறோம்.

நேரில் பேச வேண்டுமென்றால் சனிக்கிழமை வாருங்கள். காலை வியாபாரத்தை முடித்துவிட்டு வருகிறவர்களுக்காக 11 மணிக்கு மேலும் இருப்பேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்