வாதுமை இலை சிவக்கேக்க கூட்டாம வைங்க அம்மா

ஸ்காபரோ, கனடா
ஒக்டோபர் 19

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம், உங்கட சுகத்துக்கும் தங்கச்சியாக்களிட சுகத்துக்கும் எங்கட திருகோணமலைக் கோணேசரை ஒவ்வொரு நாளும் கும்பிடுறன். கண்ணில வெள்ளை படர்ந்த பிறகு போன் எழுத்து தெரியுதில்ல எண்டு சொன்னீங்க, அதால இத தங்கச்சிக்கு மெயில்ல அனுப்புறன், கொமினிகேசன் கடையில பெரிய எழுத்தில பிறின்ட் எடுத்துத் தருவா. படங்கள் ஆறையும் கலரில பெருசா எடுக்கச் சொல்லியிருக்கன், வெளி வெளிச்சத்தில வச்சுப் பாருங்க, லைட்டுக்குக் கீழ பாக்காதீங்க.

போன ஞாயிறு நீங்க கேட்டீங்க, "ஏன் மகன், காஞ்சு விழுற இலையப் போய் இவ்வளவு காசு செலவழிச்சுப் படம் எடுக்கிறீங்க" எண்டு. எனக்கு வேலைக்கு நேரம் போயிட்டுது, ஒண்டும் சொல்லாம வச்சிட்டன், ஆனா அண்டைக்கு இரவு முழுக்க வெயாஹவுசில பெட்டி அடுக்கேக்க அந்தக் கேள்விதான் மண்டைக்குள்ள நிண்டது. அதுக்குத்தான் இந்தக் கடிதம்.

முதல்ல அது காஞ்சு விழுற இலை இல்லையம்மா. நானும் வந்த முதல் வருசம் அப்பிடித்தான் நினைச்சன், மரமெல்லாம் ஏதோ வருத்தம் வந்து சாகுது எண்டு. இங்க செப்டம்பர் வரேக்க பகல் குறுகத் தொடங்கும், எங்கட ஊரில மாரிக்கும் கோடைக்கும் பகல் ஒரு மணித்தியாலம்தான் கூடிக் குறையும், இங்க ஜூனில பதினைஞ்சரை மணித்தியாலம் இருக்கிற பகல் டிசம்பரில ஒன்பது மணித்தியாலமாப் போயிடும். வெளிச்சம் குறையுறத மரம் கண்டுபிடிச்சு இலையில இருக்கிற சத்தெல்லாத்தையும் உள்ளுக்கு இழுக்கத் தொடங்குது. மாரி வரமுந்தி நிலாவெளியில கரைவலைக்காரர் வலையெல்லாம் சுருட்டி தோணிய மேல இழுத்து வைப்பாங்களே, அதே மாதிரி. பச்சை நிறம் உடைஞ்சு போகேக்க அதுக்குக் கீழ ஒளிச்சிருந்த மஞ்சள் வெளிய தெரியும், மஞ்சள் புதுசா வாறதில்ல, வசந்தத்தில இருந்தே இலைக்குள்ளதான் இருந்தது. சிவப்பு மட்டும்தான் புதுசு. பகல் நல்ல வெயிலும் இரவு குளிரும் எண்டா இலைக்குள்ள தங்கின சீனியில இருந்து அந்தச் சிவப்பு உண்டாகும், அதால ஒரு வருசம் மாதிரி மறு வருசம் இருக்காது. மேப்பிள் மரம்தான் இதில ராசா. அந்த மரத்தில இருந்துதான் பாணி காய்ச்சுறவங்க, பதநீர் காய்ச்சுற மாதிரியே, நாப்பது லீற்றர் தண்ணி வத்தி ஒரு லீற்றர் பாணி வரும், போன முறை பார்சலில அனுப்பினது அதுதான், நீங்க தோசையோட சாப்பிட்டது.

வடக்கில முதல் சிவந்து பிறகு கீழ இறங்கி இறங்கி எங்கட பக்கம் வரும். இந்த முறை ஒக்டோபர் தொடக்கத்தில வேலையில இருக்கிற ஒரு மூதூர்ப் பெடியனோட அல்கொன்குயின் பார்க்குக்குப் போனன். இங்கயிருந்து கார் ஓட்டம் மூண்டு மணித்தியாலத்துக்கு மேல, விடிய மூண்டரைக்கு வெளிக்கிட்டம். 1893ல தொடங்கின பார்க், 7,600 சதுர கிலோமீட்டர் அம்மா, எங்கட திருகோணமலை மாவட்டம் மூதூர் கிண்ணியா எல்லாம் சேர்த்தே 2,700 சொச்சம்தான். இலை சிவக்கிற நேரம் பேர்மிட் முன்கூட்டியே நெற்றில எடுத்து வைக்கோணும், இல்லாட்டி கேற்றில திருப்பி அனுப்புவாங்க. லுக்அவுட் எண்டு ஒரு ஏத்தம் இருக்கு, நடை ரெண்டு கிலோமீட்டர் மாதிரித்தான், ஆனா செங்குத்து, கோணேசர் கோயில் இருக்கிற சுவாமி மலைக்கு ஏறுற மாதிரி நினைச்சுப் போனன், மூச்சு வாங்கிட்டுது. மேல போய் நிக்க, கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும் காடு, சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள், நடுவில நடுவில பைன் மரம் கரும்பச்சை, அதுக்குள்ள புகார் நிக்குது. கமராவ கையில வச்சிருந்தும் ஒரு கொஞ்ச நேரம் ஒண்டும் எடுக்கேல்ல. மூதூர்ப் பெடியன் "மச்சான், ஆரோ கோயில் கொடியேத்தத்துக்கு காட்டையே சோடிச்சு விட்ட மாதிரிக் கிடக்கு" எண்டான்.

ஆனா அங்க நான் எடுத்த படம் முக்கால்வாசி சரியா வரேல்ல. சிவப்பு நிறம் கமராவுக்குக் கஷ்டம், வெளிச்சம் கொஞ்சம் கூடினாலும் இலையிட நரம்பு ஒண்டும் தெரியாம ஒரே சாயமா அப்பிடும், அதால ஒரு படி இருட்டாக்கித்தான் எடுக்கோணும். மற்றது கமரா தன்ர பாட்டில நிறத்தைத் திருத்தும், இவ்வளவு மஞ்சளைக் கண்டா ஏதோ பிழை எண்டு நினைச்சு நீலத்தைக் கூட்டி எல்லாத்தையும் வெளிற வச்சிடும். சீலைக்கடையில உள்ளுக்கு ஒரு நிறம், வெளிய வெயிலில வேற நிறம் எண்டு நீங்க ஒவ்வொரு சீலையா வாசலுக்குக் கொண்டு வந்து பாப்பீங்களே, அதுதான் விசயம். இப்ப நான் அந்த ஓட்டோ திருத்தத்தை நிப்பாட்டி வெயில் கணக்கில வச்சிருக்கன். லென்சுக்கு முன்னால திருப்புற ஒரு கண்ணாடியும் வாங்கினன், போலரைசர் எண்டுறது. புறாத்தீவுக்கு வள்ளத்தில போகேக்க தண்ணிக்கு மேல கண் கூசுமே, அந்தக் கூசல இது வெட்டிவிடும், ஈர இலையில இருக்கிற வெள்ளைப் பளபளப்பு போய் உண்மையான நிறம் வரும். அதால மழை நாளும் மப்பு நாளும்தான் எனக்கு இப்ப நல்ல நாள், மரத்தண்டு கறுத்து நிக்கும், இலை எல்லாம் விளக்கு மாதிரி இருக்கும். மூண்டாவது படம் அப்பிடி எடுத்தது, வீட்டுக்குப் பக்கத்தில ரூஜ் பார்க்கில, ரெண்டு பஸ் மாறிப் போற தூரம்தான்.

வெயில் நாளும் அழகுதான், அத சொல்லாம விடேலாது. எங்கட ஊரில சூரியன் கடலில இருந்து நேர மேல ஏறிடும், கோணேசரில நிண்டு கும்பிட்டு முடிக்கமுந்தி கண் கூசும். இங்க இந்த மாசத்தில சூரியன் சரிஞ்சு சரிஞ்சே போகும், அந்தப் பொன் வெளிச்சம் கன நேரம் நிக்கும், அப்ப இலைக்குப் பின்னால வெளிச்சம் வர மாதிரிக் குனிஞ்சு நிண்டு எடுத்தா இலை தானா எரியுற மாதிரி இருக்கும். கோட்டைக்குள்ள மான்கள் பின்னேரம் நிக்கேக்க காது மட்டும் சிவப்பா தெரியுமே, அதேதான்.

குளிரப் பத்திப் பயப்படாதீங்க, கையுறை போட்டுத்தான் போறன். குளிருக்கு பற்றரி கெதியா இறங்கும், அதால ஒண்டு எப்பவும் உடுப்புக்கு உள்ள நெஞ்சோட வச்சிருப்பன். வீட்டுக்குள்ள வரமுந்தி கமராவ பொலித்தின் பேக்கில போட்டுக் கட்டிட்டுத்தான் வாறது, இல்லாட்டி சூட்டுக்கு லென்சில தண்ணி பிடிக்கும்.

இனி உண்மையான பதில் அம்மா.

2004ல கடல் வந்து போன பிறகு உப்புவெளி வீட்டில மணலுக்குள்ள இருந்து அல்பத்த எடுத்தீங்களே, உங்களுக்கு ஞாபகம் இருக்கும், எனக்கு ஒன்பது வயசு. படம் எல்லாம் ஒண்டோட ஒண்டு ஒட்டிக் கிடந்தது. அதில அப்பா வாதுமை மரத்துக்குக் கீழ கதிரை போட்டு இருக்கிற படத்த நீங்க ஆறுதலா உரிச்சு வெயிலில காய வச்சீங்க. அப்பாட முகம் இல்ல. சிவப்பும் மஞ்சளுமா ஒரு வட்டம் மட்டும் இருந்தது. நீங்க அத எறியேல்ல, சாமித்தட்டில வச்சீங்க.

முதல் வருசம் இங்க மழை பெய்து றோட்டில ஒரு மேப்பிள் இலை ஒட்டிக் கிடந்தது, விளிம்பு சிவப்பு நடு மஞ்சள், நான் பஸ்ஸையும் விட்டுட்டு அதப் பாத்துக்கொண்டு நிண்டன். அது அந்தப் படம்தான் அம்மா. பிறகு கமராவ பத்திப் படிக்கேக்கதான் காரணம் தெரிஞ்சது, கலர்ப் படத்தில மேல்ப்படையில இருக்கிறது நீலம், தண்ணி பட்டா முதல்ல அதுதான் கரைஞ்சு போகும், மிஞ்சிறது சிவப்பும் அதுக்கும் கீழ மஞ்சளும். அப்பாட படம் அழுகினதால அந்த நிறம் வரேல்ல, மேல இருந்தது போக உள்ளுக்கு இருந்தது தெரிஞ்சிருக்கு. அண்டைக்கு அந்த இலைய எடுக்க என்னட்ட கமரா இல்ல, போனும் உடைஞ்சது, அடுத்த மாசச் சம்பளத்தில செக்கன்ட்ஹான்ட் கமரா வாங்கினன். அதுதான் அந்தக் காசு.

ஒரு உதவி. வாசல் வாதுமை இன்னும் நிக்குது எண்டு தங்கச்சி சொன்னா, உப்புத்தண்ணி நிண்டும் சாகாத மரம். அது உதிரமுந்தி இந்த மேப்பிள் மாதிரியே சிவக்கும் அம்மா, நாங்க சின்னனில கொட்டை உடைச்சுத் திண்ட கவனத்தில இலையப் பாக்கவே இல்ல, நீங்களும் விடிய எழும்பினா முதல் வேலையா கூட்டி எரிச்சிடுவீங்க. இந்த முறை மாரி முடிஞ்சு அது சிவக்கேக்க ரெண்டு நாள் கூட்டாம விடுங்க. தங்கச்சியிட போனால ஒரு படம், காலமை ஏழு மணிக்குள்ள, சூரியன் இலைக்குப் பின்னால இருக்கோணும். நீங்க அந்தக் கதிரையில இருங்க. சீலை மாத்தத் தேவையில்ல.

கண் ஒப்பரேசனுக்கு டேற் தந்தா உடன சொல்லுங்க, காசு அனுப்புறன். நவம்பர் முதல் ஞாயிறு இங்க நேரம் மாத்துறாங்க, அதுக்குப் பிறகு நான் எடுக்கிற கோல் உங்களுக்கு ஆறரைக்கு வராது, ஏழரைக்குத்தான் வரும், போனுக்குப் பக்கத்தில காத்துக்கொண்டு இருக்காதீங்க.

உங்கட அன்பு மகன்