தலை குனிந்து மேயும் எட்டு ஆடுகள்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதமும் இரண்டு மூட்டைக் கம்பளியும் ஒன்றாகவே வந்து சேர்ந்தன. ரோமம் கத்தரிக்கிறவர் கூலிக்குக்கூட விலை தேறவில்லை என்று எழுதியிருந்தாய். உன் பண்ணையில் மட்டுமில்லை, இறைச்சிக்காக ஆடு வளர்க்கிற பல இடங்களிலும் இதே கதைதான், ஆனால் அதற்காகக் கத்தரிக்காமல் விடவும் முடியாதே. சரி, குப்பைக்குப் போவதற்குள் இதை நூலாக்கி உன் ஆடுகளையே படமாகப் போட்டு ஒரு கௌல் பின்னலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். கழுத்தைச் சுற்றிக் கிடக்கும் ஒரு குழாய், அவ்வளவுதான். சட்டைக்கை வைக்க வேண்டாம், தோள் சரிபார்க்க வேண்டாம், வட்ட ஊசியில் சுற்றிச் சுற்றிப் போகும்போது முன்பக்கமே எப்போதும் கண்ணெதிரில் இருக்கும், அதனால் படம் கோணினால் அப்போதே தெரிந்துவிடும். இரண்டு நிறப் பின்னலுக்கு இதைவிடத் தோதான உருப்படி இல்லை என்பது என் கட்சி.

சாயம் எதுவும் போடவில்லை. ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்து ஆடுகளுக்கு 11 முக்கிய இயற்கை நிறங்களைத் தனித்தனிப் பெயர் வைத்துப் பிரித்திருக்கிறார்கள், நமக்கு அந்த வசதி இல்லை, வெள்ளையும் கறுப்பும்தான். ஆனால் நூற்பதற்கு முன்னால் இரண்டையும் எடை போட்டுக் கலந்து வாரினால், மூன்றுக்கு ஒன்று, பாதிக்குப் பாதி, ஒன்றுக்கு மூன்று என்று மூன்று சாம்பல் கிடைக்கிறது, ஆக மொத்தம் ஐந்து நிறம். உன் கறுப்பு ஆட்டின் ரோம நுனி வெயிலில் வெளுத்துப் பழுப்பாகியிருக்கிறது பார், அதையும் வெட்டாமல் சேர்த்துக்கொண்டேன், சாம்பல் கொஞ்சம் உயிரோடு தெரிகிறது.

இப்போது ஆடு. வெள்ளை உடம்பு, கறுப்பு முகம், கறுப்புக் கால், பின்னால் சாம்பல் வெளி. வரைவது சுலபம்தான், ஆனால் பின்னும்போது ஒரு வரிசைக்கு இரண்டு நிறத்துக்கு மேல் வைத்துக்கொண்டால், அந்தந்த இடத்தில் பின்னாத நிறங்களாகத் துணிக்குப் பின்னால் ஓடுகிற நூல்கள் கனத்துப் போகும், கையும் திணறும். ஆடு தலை நிமிர்ந்து நின்றால் முகம் உடம்புக்கு நேராக வந்து அந்த வரிசைகளில் வெள்ளை, கறுப்பு, சாம்பல் மூன்றும் வேண்டியிருக்கும். முகத்தை மட்டும் அப்புறம் தனியாகத் தைத்துக்கொள்ளலாம், ஆனால் எட்டு ஆட்டுக்கும் தைப்பதற்கு எனக்குப் பொறுமை கிடையாது. அதனால் ஆட்டை மேயவிட்டேன்! தலை கீழே இறங்கிவிட்டது இல்லையா, இப்போது முகமும் கால்களும் ஒரே வரிசைகளில் கறுப்பும் சாம்பலுமாக முடிந்துவிடுகின்றன, அதற்கு மேலே உடம்பு வெள்ளையும் சாம்பலும் மட்டுமாக ஏறுகிறது. புல்லும் அதேபோல் குளம்புக்குக் கீழேயே நின்றுவிட வேண்டும், காலுக்கு நடுவே எட்டிப் பார்த்தால் மறுபடி மூன்றாவது நிறம் வந்துவிடும். விதிக்குக் கட்டுப்பட்டு வந்த ஆடுதான் நிஜ ஆட்டைப் போல இருக்கிறது, உன்னுடையவை எந்நேரமும் அப்படித்தானே நிற்கின்றன?

கணக்கு இது: 10 சென்டிமீட்டருக்கு 28 கண்ணி (ஊசியில் விழும் ஒவ்வொரு வளையமும் ஒரு கண்ணி), 30 வரிசை. சுற்றளவு 160 கண்ணி, அதாவது 57 சென்டிமீட்டர் சொச்சம். ஓர் ஆட்டுக்கு இடைவெளியோடு சேர்த்து 20 கண்ணி, ஆக எட்டு ஆடு. கண்ணி உயரத்தைவிட அகலம் கூடியது என்பதால் சதுரக் கட்டத் தாளில் வரைந்ததைவிட ஆடு சற்றுக் குட்டையாக, கொழுத்தே வரும். அதை நான் திருத்தப் போவதில்லை. மாதிரித் துண்டையும் வட்டமாகவே பின்னி, நனைத்துக் காயவைத்த பிறகுதான் அளக்க வேண்டும், தட்டையாகப் பின்னினால் கை இறுக்கம் வேறு மாதிரி விழும்.

உடம்பு 11 கண்ணி அகலம், அவ்வளவு தூரம் சாம்பல் நூலைப் பின்னால் சும்மா ஓடவிட்டால் விரலோ மோதிரமோ மாட்டும். அதனால் நடுவில் ஒரு கண்ணி சாம்பலை அங்கங்கே போட்டேன், நூலும் பிடித்துக்கொண்டது, சுருள் ரோமம் போலவும் ஆயிற்று. இன்னும் புசுபுசுப்பு வேண்டுமென்றால் வெள்ளையில் சில கண்ணிகளைப் பர்ல் பண்ணலாம், அதாவது முன்பக்கம் மேடு விழும்படி திருப்பிப் பின்னலாம், ஆனால் கீழே இருப்பதும் வெள்ளைக் கண்ணியாக இருந்தால்தான், இல்லையென்றால் அடி நிறம் புள்ளியாக எட்டிப் பார்க்கும். அப்புறம், பின்பக்கம் இரண்டு நூலும் ஓடும்போது வெள்ளை நூல் எப்போதும் மற்றதற்குக் கீழிருந்தே வர வேண்டும், நடுவழியில் மாற்றக் கூடாது. கீழிருந்து வருகிற நூலின் கண்ணி ஒரு பொட்டு பெரிதாக விழும், ஆடு முன்னால் வந்து நிற்பது அதனால்தான்.

ஒரு தொல்லை பாக்கி. உன் கம்பளி கழுத்தைக் குத்துகிறது. மெரினோ ஆட்டின் மெல்லிய கம்பளி வாங்கி அதிலேயே பின்னிவிடு என்பாய். கடையில் கிடைக்கும் மெஷினில் துவைக்கிற மெரினோ வழுக்கும், கண்ணிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாது. பண்ணைக் கம்பளியின் சொரசொரப்புதான் இந்தப் பின்னலைச் சேர்த்து நிறுத்துகிறது. அதனால் வெளிக்குழாய் உன்னுடையது, அதோடு தொடர்ந்து உள்குழாயை மெல்லிய மெரினோவில் பின்னி, இரண்டு முனையையும் கண்ணிக்குக் கண்ணி இணைத்துவிடப் போகிறேன். பின்னால் ஓடும் நூல் மொத்தமும் நடுவில் ஒளிந்துகொள்ளும், கதகதப்பும் இரண்டு மடங்கு. துவைக்கும்போது மட்டும் சுடுதண்ணீரில் போட்டுக் கசக்கிவிடாதே, மொத்தமும் திரைந்து கெட்டிக் கம்பளமாகிவிடும்.

எட்டில் ஒன்று உன் கறுப்பு ஆடாக இருக்க வேண்டும் என்று ஆசை. அந்த வரிசையில் மூன்றாவது நிறம் வரும் என்று நீ மடக்குவாய், தெரியும். அந்த ஒன்றையும் வெள்ளையில் பின்னிவிட்டு, கண்ணியின் மேலேயே கறுப்பு நூலால் தைத்துவிடுவேன், ஓர் ஆட்டுக்குப் பொறுமை இருக்கிறது. அது மேயும்போது பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து அனுப்பு. வாலும் தெரிய வேண்டும், எத்தனை கட்டம் விடுவது என்று பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய தோழி