கர்லிங்கில் ஐம்பது வயதும் வயதல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

பனித்தளத்தில் கல்லைச் சறுக்கவிட்டு, வரைந்த வட்டத்துக்குள் நிறுத்த முயலும் கர்லிங் பற்றிய செய்தியில் 'பனிக்கட்டியைப் பெருக்கும் விளையாட்டு' என்று எழுதியிருந்தீர்கள். பெருக்குவது குப்பை அகற்ற மட்டுமல்ல. தளத்தில் நீர்த்துளிகளைத் தெளித்து உறையவிட்ட சிறு புடைப்புகள் மீதுதான் கல் நகர்கிறது. துடைப்பத்தை அழுத்தித் தேய்த்தால் பனிக்கட்டி சற்றே சூடாகி உராய்வு குறையும். கல் கூடுதல் தூரம் போகும், வளைவதும் குறையும். கல்லோ 20 கிலோவுக்குச் சற்றுக் குறைவான கிரானைட்!

அணியில் நால்வர், ஆளுக்கு இரண்டு கல். முதலில் எறிபவர் மற்ற ஆறு கற்களுக்கும் தேய்க்க வேண்டும். அங்கே தோள்வலிமை முக்கியம். உத்தி சொல்லும் தலைவருக்கோ தளத்தின் போக்கைக் கணிக்கும் கண் வேண்டும். அது பல ஆண்டுகளில்தான் வரும். 2006 டுரின் ஒலிம்பிக்கில் கனடாவின் ரஸ் ஹோவர்ட் தங்கம் வென்றபோது அவருக்கு வயது 50. ஸ்வீடனின் அனெட் நோர்பெர்க் காப்பீட்டுக் கணக்கியல் வல்லுநராக இருந்துகொண்டே 2006, 2010 இரண்டிலும் வென்றார்.

புதுச்சேரி வெயிலில் பனித்தளத்துக்கு எங்கே போவது? வழவழப்பான டைல்ஸ் தரை போதும். வலக்கையர் இடது பாதத்தின் கீழ் துணி வைத்து, வலது காலால் சுவரை உந்தித் தாழ்ந்து சறுக்கிப் பழகலாம். உடல் எடையைக் கல் பிடிக்கும் கையில் சாய்ப்பதே பொதுவான தவறு; விட்டதும் உடல் சரியும், கல் குறி தவறும். பள்ளிகள் இதைத் தொடங்க வேண்டும் என்பது எங்கள் வேண்டுகோள்.

உடற்கல்வி ஆசிரியர்கள்,
லாஸ்பேட்டை, புதுச்சேரி.